அந்நியபாஷை இன்று எதற்கு? புதிதாய்க் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம்

அம்மா சிஎஸ்ஐ, மகள் பெந்தெகொஸ்தே, மருமகன் பிரதரன் சபை என்று ஒரே வீட்டில் மூன்று சபைகள் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்த வீடுகளில் சாப்பிடும்போது எடுக்கக்கூடாத பேச்சு ஒன்று உண்டென்றால் அது தான் கற்காத, தனக்கே புரியாத பேச்சில் ஜெபிக்கும் அந்நியபாஷைதான். "பாஷை பேசலைன்னா இன்னும் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் கிடைக்கலைன்னு அர்த்தம்" என்பார் ஒருவர். "அதெல்லாம் அப்போஸ்தலரோட முடிஞ்சுபோச்சு, இப்போ நடக்கிறது வெறும் உளறல்" என்பார் இன்னொருவர். பிசாசின் வேலை என்றே முடித்துவிடுகிறவர்களும் உண்டு.

இரு தரப்பாரும் வசனத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் வசனம் நிற்கும் இடத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். "இன்றும் உண்டா, இல்லையா?" என்ற ஒரே கேள்வியில் எல்லாரும் மாட்டிக்கொள்வதால், "உண்டென்றால் எதற்கு?" என்று யாரும் கேட்பதில்லை. அப்போஸ்தலன் பவுல் கொரிந்து சபைக்கு ஓர் அதிகாரம் முழுக்க (1 கொரிந்தியர் 14) எழுதியது அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான். நாமும் அந்த வழியிலேயே போவோம்.

## முதலில் சொற்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'குளோஸா'. வாயில் இருக்கும் நாக்குக்கும் அதுதான் பெயர், பேசும் மொழிக்கும் அதுதான் பெயர். கொரிந்தியர் பகுதியில் அந்தச் சொல்லோடு 'அந்நிய' என்ற அடைமொழி மூலத்தில் இல்லை. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு பொருள் விளங்குவதற்காக அதைச் சேர்த்திருக்கிறது. பிந்திய மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே கொரிந்தியர் பகுதியில் 'பரவசப்பேச்சு' என்கிறது. ஒரே சொல்லை ஒருவர் 'அந்நியபாஷை' என்றும் மற்றவர் 'பரவசப்பேச்சு' என்றும் படித்து வளர்ந்தால், இருவர் மனதிலும் இரண்டு வேறு காட்சிகள் உருவாவது இயல்பு. பாதிச் சண்டை இங்கிருந்தே தொடங்குகிறது.

இந்தக் கட்டுரையில் அந்நியபாஷை என்றால், ஒருவர் தான் கற்காத, தனக்கே பொருள் தெரியாத பேச்சில் தேவனைத் துதிப்பதோ ஜெபிப்பதோ ஆகும். அந்தப் பேச்சு உலகத்தில் எங்கோ புழங்கும் மொழியாக இருந்தால் அதைப் 'பிறமொழிப் பேச்சு' என்போம். எந்த மக்களின் மொழியாகவும் அடையாளம் காண முடியாததாக இருந்தால் 'விளங்காமொழி' என்போம். கேட்ட பேச்சின் கருத்தைச் சபைக்குத் தெரிந்த மொழியில் எடுத்துச் சொல்வது வியாக்கியானம். பழைய மொழிபெயர்ப்பு இதை 'அர்த்தம் சொல்லுதல்' என்றும் சொல்லும்.

தீர்க்கதரிசனம் என்ற சொல்லையும் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் அது வருங்காலம் சொல்வது என்று ஆகிவிட்டது. 1 கொரிந்தியர் 14:3-ல் பவுல் கொடுக்கும் பொருள் வேறு: பக்திவிருத்திக்கும் புத்திக்கும் ஆறுதலுக்கும் ஏதுவாக, கேட்பவருக்குப் புரியும் மொழியில் பேசுவது. அவ்வளவுதான்.

## தாலாட்டும் ரயில் நிலையமும்

'ஆராரோ ஆரிரரோ' என்று தாய் பாடுகிறாள். அந்தச் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடினால் கிடைக்காது. குழந்தைக்கு அது தேவையும் இல்லை. அன்பு முழுதும் அந்த ஓசையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பாடுகிறவளுக்கும் பாடப்பாட மனம் இளகுகிறது. இதேபோல ராக ஆலாபனையில் 'தரிநநா' என்று பாடகர் இழைக்கும்போது, சாகித்யம் ஒரு வரிகூட இல்லாமலே கேட்பவர் கண் கலங்குவதும் உண்டு. ஓசைக்குப் பொருள் இல்லையென்றால் பயனும் இல்லை என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

இப்போது வேறொரு இடம். ஹவுரா ரயில் நிலையம். தமிழும் ஆங்கிலமும் மட்டும் தெரிந்த ஒருவர் சென்னை வண்டிக்காக நிற்கிறார். நடைமேடை மாறிவிட்டது. வங்காளத்தில் அழகாக, தெளிவாக அறிவிக்கிறார்கள். நூறு முறை அறிவித்தாலும் அவருக்கு வண்டி போய்விடும். அறிவிப்பவரின் குரலிலோ நல்லெண்ணத்திலோ எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் அந்த அறிவிப்பு அவரைப் பொறுத்தவரை காற்றில் கரைந்ததுதான்.

பவுல் தரும் உவமையும் இதே வகைதான். எக்காளம் விளங்காத சத்தமிட்டால் யார் யுத்தத்திற்கு ஆயத்தமாவான் என்று கேட்கிறார் (14:8). தாலாட்டுக்கு மொழி வேண்டாம், அறிவிப்புக்கு மொழி வேண்டும். அந்நியபாஷையை எங்கே எதற்காகப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதன் பயன் அமைகிறது. இந்த ஒன்று பிடிபட்டால் 14-ஆம் அதிகாரத்தில் முக்கால் பங்கு விளங்கிவிடும்.

உவமை ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். தாலாட்டின் ஓசையைத் தாயே உண்டாக்குகிறாள். அந்நியபாஷையோ பரிசுத்த ஆவியானவர் தூண்டுவது என்பது விசுவாசம்.

## எருசலேமும் கொரிந்தும்

புதிய ஏற்பாட்டில் இரண்டு பெரிய காட்சிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதல் காட்சி அப்போஸ்தலர் 2. பெந்தெகொஸ்தே பண்டிகைக்காகப் பல நாடுகளிலிருந்தும் யூதர்கள் எருசலேமில் கூடியிருக்கிறார்கள். பார்த்தர், மேதர், எலாமீத்தர், எகிப்தியர், ரோமர், கிரேத்தர், அரபியர் என்று நீண்ட பட்டியலே இருக்கிறது. சீஷர்கள் பேசுவதை ஒவ்வொருவரும் தத்தம் சொந்த மொழியில் கேட்கிறார்கள். இங்கே மூலத்தில் 'டயலெக்டோஸ்' என்ற சொல்லும் வருகிறது. ஒரு வட்டார மக்கள் பேசும் மொழி என்று பொருள். ஆகவே இது பிறமொழிப் பேச்சு. வியாக்கியானம் செய்ய ஆள் தேவைப்படவில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. "பாஷைகள் பேசியது சுவிசேஷம் அறிவிக்கத்தான்" என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். வசனம் 11-ஐப் பாருங்கள். அவர்கள் பேசியது 'தேவனுடைய மகத்துவங்களை'. அது துதி. சுவிசேஷப் பிரசங்கம் அதற்குப் பிறகு வருகிறது. பேதுரு எழுந்து நின்று, கூட்டத்தார் எல்லாருக்கும் புரிகிற ஒரே மொழியில் பேசுகிறார். மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டது அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகுதான். பாஷை கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இருதயத்தில் குத்தியது புரிந்த வார்த்தை.

இரண்டாம் காட்சி கொரிந்து. கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாக மறுபடி கட்டத் தொடங்கிய துறைமுக நகரம். கல்வி, பேச்சுத்திறமை, பணம், ஆன்மிக அனுபவம் என்று எதைக் கொண்டும் ஆளுக்கு ஆள் உயர்வு பாராட்டிய சபை அது. பவுல் ஏறக்குறைய கி.பி. 54, 55 வாக்கில் எபேசுவிலிருந்து இந்த நிருபத்தை எழுதுகிறார். இங்கே பாஷை பேசுகிறவரை யாரும் புரிந்துகொள்வதில்லை. 'ஒருவனும் அறியாதிருக்கிறபடியினாலே, அவன் மனுஷரிடத்தில் பேசாமல், தேவனிடத்தில் பேசுகிறான்' என்கிறார் பவுல் (14:2). எருசலேமில் கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள். கொரிந்தில் வியாக்கியானி இல்லாவிட்டால் பேசுகிறவருக்குக்கூடப் புரியவில்லை.

இன்று நம் சபைகளில் கேட்பது பெரும்பாலும் கொரிந்தின் வகை. அதை எருசலேமின் அளவுகோலால் அளந்து "இது எந்த நாட்டு மொழி, சொல்லுங்கள்" என்று மடக்குவதும் சரியாக வராது. எருசலேமின் மகிமையை அப்படியே அதன்மேல் ஏற்றிப் பேசுவதும் சரியாக வராது.

## எதற்கு என்று பவுல் சொல்கிறார்

முதலாவது, ஜெபத்துக்கும் துதிக்கும். பேச்சின் திசை தேவனை நோக்கியது.

இரண்டாவது, பேசுகிறவரின் பக்திவிருத்திக்கு (14:4). 'பக்திவிருத்தி' என்று நாம் படிக்கும் சொல்லுக்கு மூலத்தில் வீடு கட்டுதல் என்று பொருள். அந்நியபாஷை பேசுகிறவன் தன்னைக் கட்டுகிறான், தீர்க்கதரிசனம் சொல்கிறவன் சபையைக் கட்டுகிறான். சிலர் இந்த வசனத்தைச் சுயநலம் என்ற குற்றச்சாட்டாகப் படிக்கிறார்கள். பவுலின் தொனி அப்படி இல்லை. தனியாக வேதம் வாசிப்பதும் தன்னைக் கட்டுவதுதான். நீங்கள் எல்லாரும் பேச வேண்டுமென்று விரும்புகிறேன் என்று அடுத்த வசனத்திலேயே சொல்கிறார். உங்கள் எல்லாரிலும் நான் அதிகமாகப் பேசுகிறேன், அதற்காக ஸ்தோத்திரிக்கிறேன் என்றும் சொல்கிறார் (14:18). கேவலமான ஒன்றுக்காக யாரும் ஸ்தோத்திரம் சொல்வதில்லை.

மூன்றாவது, வியாக்கியானம் சேர்ந்தால் சபைக்கும் பயன் (14:5). வியாக்கியானம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் தரும் காரணம் மிக எளியது. நீ ஸ்தோத்திரம் பண்ணும்போது உன் பக்கத்தில் இருப்பவன் அதற்கு எப்படி 'ஆமென்' சொல்வான் (14:16)? நீ நன்றாகத்தான் ஸ்தோத்திரம் பண்ணுகிறாய், ஆனாலும் மற்றவன் கட்டப்படவில்லை. இந்த அதிகாரத்தின் நாடியே இந்த 'ஆமென்' கேள்விதான் என்பது எங்கள் துணிபு. புரியாத ஒன்றுக்கு ஆமென் சொல்ல வைப்பதை பவுல் ஆராதனையாகக் கருதவில்லை.

நான்காவது, அடையாளம். இதுதான் கடினமான பகுதி. அந்நியபாஷைகள் அவிசுவாசிகளுக்கு அடையாளம் என்று 14:22 சொல்கிறது. ஆனால் அடுத்த வசனத்திலேயே, எல்லாரும் பாஷை பேசும்போது ஓர் அவிசுவாசி உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் என்பானல்லவா என்கிறார். முரண்பாடா? இதற்குத் திறவுகோல் வசனம் 21-ல் இருக்கிறது. ஏசாயா 28-ஐ அங்கே மேற்கோள் காட்டுகிறார். தெளிவான மொழியில் தேவன் பேசியபோது இஸ்ரவேல் கேட்கவில்லை, ஆகவே புரியாத மொழி பேசும் அசீரியர் மூலம் அவர்களோடு பேசுவார் என்பது அந்தப் பகுதி. அங்கே புரியாத மொழி நியாயத்தீர்ப்பின் அடையாளம். வெளியிலிருந்து வரும் ஒருவரை இரட்சிப்புக்குள் நடத்த விரும்பும் சபை, அவர் முன்னால் நியாயத்தீர்ப்பின் அடையாளத்தை வைத்துவிட்டு ஓய்ந்துவிடக்கூடாது என்பதே பவுலின் வாதம் என்று படித்தால் இரு வசனங்களும் பொருந்துகின்றன.

இதோடு இன்னொரு அடையாளப் பயனும் உண்டு. செசரியாவில் யூதரல்லாத கொர்நேலியுவின் வீட்டார் பாஷை பேசியபோது (அப்போஸ்தலர் 10:46), பேதுருவோடு வந்த யூத விசுவாசிகள் பிரமித்தார்கள். புறஜாதியாருக்கும் அதே ஆவி என்று அவர்களுக்கு விளங்கியது. அந்தக் கதவு ஒருமுறை திறந்துவிட்டது, மறுபடி திறக்க வேண்டியதில்லை. ஆகவே பயன்களில் சில அந்தக் காலத்தின் திருப்பத்துக்கு உரியவை, சில எந்தக் காலத்துக்கும் பொருந்தக்கூடியவை. 'எல்லாம் முடிந்தது', 'எல்லாம் அப்படியே' என்ற இரண்டும் தவறுவது இங்கேதான்.

இதுவரை பார்த்தவை: எருசலேமில் கேட்டவருக்குப் புரிந்தது, கொரிந்தில் புரியவில்லை. தனி ஜெபத்தில் பேசுகிறவர் கட்டப்படுகிறார். சபையில் வியாக்கியானம் இருந்தால்தான் மற்றவர் கட்டப்படுவார்.

## 'ஓய்ந்துபோம்' என்றால் எப்போது?

'அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்' என்று 1 கொரிந்தியர் 13:8 சொல்வது உண்மை. எப்போது என்பதற்கு வசனம் 10 பதில் தருகிறது: 'நிறைவானது வரும்போது'. நிறைவானது எது என்பதில்தான் சபைகள் பிரிகின்றன.

அந்நியபாஷை போன்ற ஆவியின் வரங்கள் நின்றுவிட்டன என்போர், புதிய ஏற்பாடு எழுதி முடிக்கப்பட்டதே நிறைவு என்கிறார்கள். அப்போஸ்தலரை உறுதிப்படுத்தவே இந்த வரங்கள் தரப்பட்டன, அவர்கள் இட்ட அஸ்திபாரம் முடிந்தபின் தேவையில்லை என்பது அவர்களின் அடிப்படை. வரலாறும் அவர்களுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரம்பகாலச் சபை ஆசிரியரான ஐரேனியஸ், பலவித மொழிகளில் பேசும் சகோதரரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம் என்று எழுதினார். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெற்ற பிரசங்கியார் கிறிசோஸ்தோம், இந்தப் பகுதி நமக்கு மங்கலாக இருக்கிறது, ஏனெனில் அப்போது நடந்தவை இப்போது நடப்பதில்லை என்றார். அகஸ்தீனும் அது அந்தக் காலத்துக்குரிய அடையாளம், கடந்துபோயிற்று என்றே சொன்னார்.

வரங்கள் தொடர்கின்றன என்போர் வசனம் 12-ஐக் காட்டுகிறார்கள். 'அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்.' இது கிறிஸ்துவின் வருகையைத்தான் குறிக்க முடியும் என்பது அவர்கள் வாதம். இந்த இடத்தில் அவர்கள் பக்கம்தான் பலமாக இருக்கிறது. கொரிந்துவில் அந்தக் கடிதத்தை முதலில் வாசித்தவர்கள் 'நிறைவானது' என்பதைப் பின்னாளில் தொகுக்கப்படப்போகும் ஒரு நூலாகப் புரிந்திருக்க வழியில்லை. அறிவும் ஒழிந்துபோம் என்று அதே வசனம் சொல்கிறது, அது இன்னும் ஒழியவில்லையே.

ஆனால் இதை வைத்து வரங்கள் தொடர்கின்றன என்போர் அதிகம் சாதித்துவிடவும் முடியாது. வரம் நின்றுவிட்டதென்று வசனம் சொல்லவில்லை என்பது ஒன்று. இன்று கேட்கும் ஒவ்வொரு சத்தமும் அந்த வரம்தான் என்பது வேறொன்று. முதலாவது உறுதியானாலும் இரண்டாவது தானாக உறுதியாகாது. ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

## கிறிஸ்தியான்பேட்டையிலிருந்து அசூசா தெரு வரை

பெந்தெகொஸ்தே இயக்கம் அமெரிக்காவில் பிறந்து இங்கே இறக்குமதியானது என்று பலர் நினைக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையின் கதை அதைவிட மூத்தது. 1860-ல் கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் வழிநடத்திய விசுவாசிகளிடையே பெரிய எழுப்புதல், அதாவது ஆன்மிக விழிப்பு, ஏற்பட்டது. தீர்க்கதரிசனம், அந்நியபாஷை, அதற்கு வியாக்கியானம் ஆகியவை அப்போதைய பதிவுகளில் இருக்கின்றன. அருளப்பன்மேல் ஆழ்ந்த தாக்கம் செலுத்தியவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், பிரதரன் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். இன்று பாஷையை மறுக்கும் பிரதரன் சபையாரும் அதை வலியுறுத்தும் பெந்தெகொஸ்தேயினரும் இந்த ஒரே மனிதரைத் தங்கள் முன்னோராகக் காட்ட முடியும். புனே அருகே கேட்காவ் என்ற ஊரில், ஆதரவற்ற பெண்களுக்காகப் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி மிஷனிலும் 1905-ல் எழுப்புதல் தொடங்கி, 1906-ல் பாஷைகள் பேசப்பட்டன.

அமெரிக்காவில் 1901 ஜனவரி 1 அன்று, கன்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் சார்ல்ஸ் பர்ஹாம் நடத்திய வேதப் பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி பாஷை பேசினார். 1906-ல் வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில் நடத்திய கூட்டங்களிலிருந்து அந்த இயக்கம் உலகமெங்கும் பரவியது.

பர்ஹாம் ஒன்றை உறுதியாக நம்பினார்: இது பிறமொழிப் பேச்சு, மிஷனரிகள் இனி மொழி படிக்க வேண்டியதில்லை. அந்த நம்பிக்கை கல்கத்தாவில் உடைந்தது. அசூசாவிலிருந்து வந்த ஆல்பிரட் கார், தனக்கு வங்காள மொழி அருளப்பட்டதாக எண்ணியிருந்தார். 1907-ல் அங்கே ஊழியம் செய்தபோது வங்காளிகளுக்கு அவர் பேச்சு புரியவில்லை. அவர் ஊழியத்தை விடவில்லை, தன் அனுபவத்தையும் மறுக்கவில்லை. பாஷை ஜெபத்துக்கும் துதிக்கும் உரியது என்ற புரிதலுக்கு வந்தார். பெந்தெகொஸ்தே இயக்கம் முழுவதும் பின்னர் அந்தத் திசையில்தான் நகர்ந்தது. நேர்மையாகத் தோற்றதால் கிடைத்த தெளிவு அது. கொரிந்தியர் 14 முன்பே சொல்லியிருந்ததும் அதுதான்.

## மொழியியல் என்ன கண்டது?

வில்லியம் சமரின் என்ற மொழியியலாளர் பல ஆண்டுகள் பதிவுகளைச் சேகரித்து ஆராய்ந்து 1972-ல் முடிவுகளை வெளியிட்டார். விளங்காமொழியின் ஒலிகள் பேசுகிறவருக்கு ஏற்கெனவே தெரிந்த மொழிகளிலிருந்து வருகின்றன. ஏற்ற இறக்கமும் தாளமும் உண்மையான மொழிபோலவே இருக்கின்றன. ஆனால் சொல்லுக்கும் பொருளுக்கும் நிலையான உறவோ இலக்கணமோ கிடைக்கவில்லை. இது மனநோயின் அறிகுறி என்ற கருத்தையும் அவர் ஏற்கவில்லை. 1986-ல் வெளியான ஒரு சோதனையில், சாதாரண ஆட்களும் கேட்டும் பயிற்சி பெற்றும் இதேபோன்ற ஓசைகளை உண்டாக்க முடிந்தது. 2006-ல் ஐந்து பெண்களின் மூளை இரத்த ஓட்டத்தைப் படம் பிடித்த சிறு ஆய்வில், பாடும்போது இருப்பதைவிடப் பாஷை பேசும்போது மூளையின் முன்பகுதிச் செயல்பாடு குறைந்திருந்தது.

இவற்றை வைத்துப் பதறவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். ஆவியானவர் தூண்டினாரா என்பதை ஒலிப்பதிவுக் கருவி சொல்ல முடியாது. 'என் கருத்து பயனற்றதாயிருக்கும்' என்று பவுலே 14:14-ல் சொல்லிவிட்டார். ஆனால் இந்த ஆய்வுகள் ஒன்றை நிச்சயமாக எச்சரிக்கின்றன: ஓசை மட்டும் எதற்கும் சாட்சி ஆகாது. கற்றுக்கொண்டு செய்ய முடிகிற ஒன்றை அபிஷேகத்தின் ஒரே அத்தாட்சியாக வைப்பது ஆபத்து.

## எல்லாரும் பேச வேண்டுமா?

1914-ல் உருவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை 1916-ல் தன் விசுவாச அறிக்கையில், பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு முதல் வெளிப்படையான அடையாளம் அந்நியபாஷை என்று எழுதிக்கொண்டது. அப்போஸ்தலர் 2, 10, 19 ஆகிய மூன்று இடங்கள் இதற்கு ஆதாரம். 8-ஆம் அதிகாரத்தில் சமாரியாவில் பாஷை என்று எழுதியில்லை. ஆனாலும் சீமோன் என்ற மந்திரவாதி பணம் கொடுத்து வாங்கத் துணியும் அளவுக்கு எதையோ கண்டான் என்று சேர்த்துக்கொள்வார்கள்.

எதிர்வாதம் 1 கொரிந்தியர் 12:30. 'எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?' கிரேக்க அமைப்பின்படி அது 'இல்லை' என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி. பெந்தெகொஸ்தே போதகர்கள் இதற்கு, அது சபையில் பயன்படும் வரத்தைப் பற்றியது, அபிஷேக அடையாளம் வேறு என்று பதில் தருவார்கள். அந்த வேறுபாட்டை பவுல் எங்கும் சொல்லவில்லை. நடந்ததை அப்போஸ்தலர் நூலின் ஆசிரியரான லூக்கா எழுதியிருக்கிறார், எல்லாருக்கும் இப்படியே நடக்க வேண்டும் என்று அவர் கட்டளை எழுதவில்லை. ஆகவே பாஷை பேசாத விசுவாசியை இரண்டாம் தரமாக நடத்த எந்த வசனமும் இடம் தரவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்கிறோம். அபிஷேகத்துக்கான காத்திருப்புக் கூட்டங்களில் பல வருஷம் கண்ணீரோடு முழங்காலில் நின்று, 'என்னிடம் என்ன பாவமோ' என்று உள்ளுக்குள் நொறுங்கியவர்கள் நம் சபைகளில் நிறையப் பேர். அந்தப் பாரத்தை அவர்கள்மேல் வைத்தது வேதம் அல்ல.

## சபையில் எப்படி, எங்கே தவறுகிறது

பவுல் வைக்கும் ஒழுங்கு (14:27-28) கைவிரலில் எண்ணக்கூடியது. ஓர் ஆராதனையில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். ஒருவர் பின் ஒருவர். ஒருவர் வியாக்கியானம் சொல்ல வேண்டும். சொல்பவர் இல்லாவிட்டால், பேச வந்தவர் சபையில் சத்தமாகப் பேசாமல் தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி விதியில் ஒரு பெரிய செய்தி ஒளிந்திருக்கிறது. நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடியும் என்று பவுல் எடுத்துக்கொள்கிறார். "ஆவியானவர் வந்தார், என்னால் அடக்க முடியவில்லை" என்ற விளக்கம் இங்கே நிற்காது. தீர்க்கதரிசிகளின் ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கும் (14:32). 'பரவசப்பேச்சு' என்ற மொழிபெயர்ப்பு தரும் படத்தையும் இதை வைத்துச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அதிகம் காணும் தவறுகள் இவை. சபை முழுவதும் ஒரே நேரத்தில், ஒலிபெருக்கியில் பாஸ்டரின் குரல் எல்லாருக்கும் மேலாக, கீபோர்டு வேகம் கூடக்கூடப் பாஷையும் கூடுவது. முதல் முறை வந்தவருக்கு அங்கே எந்த விளக்கமும் கிடைப்பதில்லை. 14:23 அவரை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

அடுத்தது சொல்லிக்கொடுப்பது. "அல்லேலூயா அல்லேலூயான்னு வேகமா சொல்லுங்க, நாக்கு தானா பிறழும்" என்று அபிஷேகக் கூட்டங்களில் கற்பிக்கிறார்கள். எந்தச் சொல்லையும் வேகமாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் நாக்கு பிறழத்தான் செய்யும். அது வாயின் இயல்பு. இப்படிப் பெற்றவர் வீட்டுக்குப் போனபின் 'நானே உண்டாக்கினேனோ' என்ற சந்தேகத்தில் வாடுகிறார். வெளியே சொல்லவும் வெட்கம். நாளடைவில் விசுவாசமே தளர்ந்துபோகிறவர்களும் உண்டு.

மூன்றாவது வியாக்கியானத்தில். பாஷை தேவனை நோக்கியது என்றால், அதன் அர்த்தமும் ஜெபமாகவோ துதியாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இயல்பு. நம்மிடையே பெரும்பாலும் "என் மகளே, நான் உனக்குச் சொல்கிறேன்" என்று மனிதரை நோக்கிய செய்தியாக வருகிறது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையைச் சேர்ந்த வேத அறிஞர் கார்டன் ஃபீ, 1987-ல் வெளியான தம் கொரிந்தியர் விளக்கவுரையில் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். சொந்தச் சபையிலிருந்தே எழுந்த குரல் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. 'இன்னாரைக் கல்யாணம் பண்ணு', 'நிலத்தை விற்று ஊழியத்துக்குக் கொடு' என்று ஒரு வியாக்கியானம் வந்தால், அதை நிறைவேற்ற யாரும் கட்டுப்பட்டவர் அல்ல. மூப்பர்கள் முன் வைத்து, வேதத்தோடு ஒப்பிட்டு, பொறுத்திருந்து பார்க்கலாம். பணம் சம்பந்தப்பட்டதானால் இரண்டு மடங்கு எச்சரிக்கை வேண்டும்.

வியாக்கியானி இருக்கிறாரா என்பதை மூப்பர்கள் ஆராதனைக்கு முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒருவர் பேசி முடித்ததும் நடத்துகிறவர் சபையை அமைதிப்படுத்தி, சற்று நேரம் காத்திருந்து, அர்த்தம் வராவிட்டால் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம். பேசியவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. புதியவர்கள் வந்திருந்தால் நடந்தது என்னவென்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். இன்னொரு பக்கம், பாஷையே கூடாது என்று சட்டம் போடும் சபைகளும் 14:39-ஐ வாசிக்க வேண்டும். பேசுகிறதற்குத் தடைபண்ணாதிருங்கள் என்பதும் அதே அப்போஸ்தலரின் கட்டளைதான்.

## தனி ஜெபத்தில்

ஆக, இன்று இதற்கு அதிகப் பயன் இருக்கும் இடம் கதவைப் பூட்டிய அறைதான். ஐசியூ வாசலில் நிற்கிறோம், என்ன கேட்பதென்றே தெரியவில்லை. நன்றி பெருகி வருகிறது, 'ஸ்தோத்திரம்' என்ற சொல் போதவில்லை. அப்படிப்பட்ட நேரங்களில் பாஷையில் ஜெபிக்கிறவர்கள் அது தங்களைத் தாங்குகிறது என்கிறார்கள். பவுலின் சொற்களில் அதற்கு இடம் இருக்கிறது. பாஷை இல்லாதவர்கள் அந்த நேரத்தில் கைவிடப்படுவதில்லை. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 எல்லா விசுவாசிகளுக்குமே சொல்கிறது.

பாஷையில் ஜெபிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு 14:13-15 ஒரு நடைமுறை தருகிறது. அர்த்தம் சொல்லத்தக்கதாகவும் ஜெபிக்க வேண்டும். ஆவியோடும் விண்ணப்பம் பண்ண வேண்டும், கருத்தோடும் விண்ணப்பம் பண்ண வேண்டும். அரை மணி நேரம் ஜெபிக்க உட்கார்ந்தால் முழுவதையும் பாஷைக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்து நிமிடம் அப்படி ஜெபித்தபின் நிறுத்தி, மனதில் நின்ற ஆட்களின் பெயர்களையும் காரியங்களையும் தமிழில், வாய்விட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபியுங்கள். கூட ஜெபிப்பவர் ஒருவர் இருந்தால் அவர் ஆமென் சொல்லும் வகையில் சொல்லுங்கள்.